நாலு மையும் வேண்டிய முகம்

விளக்குப் பலகைக்கு அச்சடிக்கும்போது, மிஷினிலிருந்து இறங்கி வரும் படத்தைப் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது. சாதாரண பேனர் என்றால் கண்ணில் படுவதுதான் படம். கட்டின இடத்திலும் அதேதான். விளக்குப் பலகையின் படமோ பின்னால் வெளிச்சம் வந்த பிறகுதான் படமாகிறது. அதுவரை அது வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக் துணி, அதன்மேல் கொஞ்சம் மை. இந்தத் தொழிலில் என் தலை பாதி நரைத்துவிட்டது. இன்னும் அந்தச் சுவிட்சைத் தட்டப்போகிற நேரத்தில் எனக்கு வாய் உலர்ந்துவிடும். தட்டியதும் உள்ளேயிருந்து நிறம் எழுந்து வரும்போது, நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்தவளைப் போல வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன்.

என் கடை மலேசியாவின் ஈப்போவில் பழைய கடைவீடுகளின் வரிசையில் இருக்கிறது. பின்கதவைத் திறந்தால் தூரத்தில் சுண்ணாம்பு மலை தெரியும். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் தெரியாது. முன்னறையில் நான், நடு அறையில் மிஷின், ஜன்னல் இல்லாத பின்னறையில் சோதித்துப் பார்க்க ஒரு விளக்குப் பெட்டி. மிஷினை ஓட்டுகிறவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். நான் கத்துவேன், அவர் காதில் விழாத மாதிரி வேலையைப் பார்ப்பார். இந்தப் பொருத்தத்தில்தான் கடை ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் கடையில் 'பவுடர் போடுவது' என்று ஒரு வேலை உண்டு. பிறந்தநாள், கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் காரியம், எதற்குப் படம் வந்தாலும் முகத்தை இரண்டு மூன்று படி வெளுப்பாக்கிவிடுவோம். கம்ப்யூட்டரில் ஒரே தட்டு. தம்பி தயார்செய்து வைத்தது. அதை யாரிடமும் கேட்டுக்கொண்டு செய்வதில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து வைப்போம் இல்லையா, அது மாதிரி இதுவும் ஒரு மரியாதை. செத்துப்போனவர்களுக்கும் பவுடர் உண்டு. ஒருமுறை மறந்துபோய் ஒரு மாப்பிள்ளையை அவருடைய சொந்த நிறத்திலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டோம். வீட்டார் கூட்டமாக வந்து வாசலில் நின்று என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்கள். நானும் அப்படியொன்றும் ரோஜாப்பூ நிறமில்லை. கடைத் திறப்பு விழாவின்போது எடுத்த என் படத்துக்கும் பவுடர் போட்டுத்தான் சுவரில் மாட்டியிருந்தோம்.

அந்தப் பெண் ஒரு திங்கட்கிழமை வந்தாள். மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். பத்து காஜா என்கிற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை வைத்தபோது வேலை போய், தாயும் மகளும் ஈப்போவில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பெரிய அலங்காரக் கடை ஒன்றில் சில வருஷம் வேலை பார்த்தவள், இப்போது சொந்தமாகக் கடை போடுகிறாள். வெள்ளிக்கிழமை திறப்பு. கடைக் கதவுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு விளக்குப் பலகை வேண்டும். அதில் பெரிதாக அவள் முகம், கீழே கடையின் பெயர்.

படம் அவளே கொண்டுவந்திருந்தாள். தனக்குத் தானே மணப்பெண் அலங்காரம் செய்துகொண்டு எடுத்த படம். தலையின் இரண்டு பக்கமும் மல்லிகை, நெற்றிச்சுட்டி, மூக்கில் ஒற்றை வெள்ளைக்கல். முகம் நல்ல கறுப்பு. மழை நின்றதும் மரப்பட்டையில் ஒரு பளபளப்பு இருக்குமே, அது அந்தக் கன்னத்தில் இருந்தது. நான் படத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் அச்சு தயார். அவளைக் கூப்பிட்டுப் பின்னறையில் நிறுத்தி, சுவிட்சைத் தட்டினேன். அருமையான அச்சு. மல்லிகை பூப்பூவாகத் தெரிந்தது, மூக்குத்திக் கல் சுள்ளென்று மின்னியது. முகம் சந்தன நிறத்தில் நிலா மாதிரி இருந்தது. தம்பி கையைக் கட்டிக்கொண்டு, பாராட்டுக்காகக் காத்து நின்றார்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்குக்கா," என்றாள். "யாருக்கா இது?"

தம்பி சிரித்தார். "பவுடர்லா, சிஸ்டர். எல்லாருக்கும் போடுறதுதான்."

அவள் சிரிக்கவில்லை. சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மேலே தள்ளி, கையை அந்த விளக்கின் மேல், கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சந்தனத்தின் மேல் அவள் கை தனியாகக் கிடந்தது, வேறு யாருடைய கையோ மாதிரி.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. காசு வாங்காமல் அழகாக்கிக் கொடுத்தால் அதற்கும் ஒரு குறையா என்று நினைத்தேன். கேட்டும்விட்டேன்: "ஏம்மா, ஊரே கேட்டு வாங்கிட்டுப் போறத உனக்குச் சும்மா குடுத்திருக்கோம். இதுல என்ன குத்தம்?"

"நான் வேலை பாத்த கடையில கறுப்பா ஒரு பொண்ணு வந்தா, ரெண்டு கலர் தூக்கித்தான் மேக்கப் போடச் சொல்வாங்கக்கா," என்றாள். "கழுத்து ஒரு கலரு, மொகம் ஒரு கலரு. போட்டோவுல சாம்பல் பூசுன மாதிரி இருக்கும். கல்யாணத்தன்னிக்குக் கண்ணாடியப் பாத்துட்டு, பேசாம நாற்காலிய விட்டு எறங்கிப் போன பொண்ணுங்க இருக்காங்க. நான் அவங்க கலருலயே போடுவேன். அதுக்காகத்தான் தனியா கடை போடறேன். என்ன மாதிரி ஒரு பொண்ணு ரோட்டுல போறப்ப இதப் பாக்கணும். பாத்துட்டு, இந்தக் கடைக்குள்ள நான் போலாம்னு நெனைக்கணும். இந்த மொகத்த வாசல்ல வச்சா அவ நிக்காம போயிருவாக்கா. அப்புறம் எனக்கு எதுக்குக் கடை?"

தம்பியைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே கம்ப்யூட்டர் பக்கம் போயிருந்தார்.

பவுடர் இல்லாத படத்தைத் திறந்தார். கன்னத்தின் மேல் அம்புக்குறியை வைத்தால், அந்த இடத்துக்கு எந்த மை எவ்வளவு வேண்டும் என்று ஓரத்தில் காட்டும். எங்கள் மிஷினில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு மை. பவுடர் போட்ட முகத்துக்குக் கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான். மற்ற இரண்டும் பேருக்குத்தான் இருக்கும். இவள் கன்னத்துக்கு நாலும் கேட்டது. சும்மா இல்லை, தாராளமாகக் கேட்டது. நான் அம்புக்குறியை நெற்றிக்கு நகர்த்தினேன், நீலம் ஏறியது. தாடைக்குக் கொண்டுபோனேன், சிவப்பு ஏறியது. கண்ணுக்குக் கீழே மஞ்சள். கறுப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிற ஒரு முகத்துக்குள் மிஷினில் இருக்கிற எல்லா நிறமும் இருந்தது. எத்தனை வருஷமாக இந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இது ஒரு நாளும் என் கண்ணில் படவில்லையே என்று அசந்துபோனேன். என் சொந்தக் கையையும் ஒருதரம் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

சரி, அச்சடிப்போம் என்று ஓட்டினோம். அங்கேதான் வினை.

விளக்குப் பலகைக்குச் சாதாரண அளவில் மை போட்டால், பின்னாலிருந்து வரும் வெளிச்சம் பாதி நிறத்தைத் தின்றுவிடும். பால் அதிகமாகிப்போன தேத்தண்ணி மாதிரி வெளிறிப்போகும். அதனால் மையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாகப் போடுவது வழக்கம். கொஞ்சமாக மை கேட்கிற சந்தன முகத்துக்கு இரட்டிப்பு ஒன்றும் பெரிதில்லை. நாலு மையும் தாராளமாகக் கேட்கிற முகத்துக்கு நாலையும் இரட்டிப்பாக்கினால், அந்தத் துணி பாவம் எங்கே போகும்? மை காய்வதற்குள் அடுத்த மை அதன்மேல் விழுந்தது. இறங்க இடமில்லாமல் பக்கவாட்டில் ஊர்ந்தது. நெற்றியிலிருந்து பழுப்பு மெல்ல நகர்ந்து மல்லிகைக்குள் போனது. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பூவின் ஓரமெல்லாம் டீ கொட்டின மாதிரி ஆனது. மூக்குத்திக் கல்லைக் காணவே காணோம்.

"நாலும் ஒண்ணா எறங்குதுக்கா," என்றார் தம்பி. "தாக் பொலே, முடியாது. துணி குடிக்காது."

முடியாது என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிவாதம் ஏறிவிடும். அது என் குணம். மிஷினின் சூட்டை ஏற்றச் சொன்னேன், மை சீக்கிரம் காயட்டும் என்று. சூட்டில் துணி அப்பளம் மாதிரி மேலே எழும்பி, மை தெளிக்கும் தலையில் உரசி, முகத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டது. சூட்டைக் குறைத்து, மிஷினை மெதுவாக ஓடவிட்டோம். கொஞ்சம் தேவலை, ஆனால் மல்லிகை இன்னமும் அழுக்காகத்தான் இருந்தது. மையைக் குறைத்தோம். மல்லிகை பிழைத்தது, மூக்குத்தி பிழைத்தது. விளக்கைப் போட்டால் முகம் சாம்பலாகிவிட்டது. அவள் சொன்னாளே, கண்ணாடியைப் பார்த்துவிட்டு இறங்கிப் போன பெண்கள் என்று, அந்தச் சாம்பல்.

துணி விற்கிறவருக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மொகத்தக் கொஞ்சம் வெள்ளையாக்கிருங்கமா. மை கொறைஞ்சிரும், பிரச்சனை முடிஞ்சிரும்," என்றார்.

போனை வைத்துவிட்டு மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆக, மிஷினும் பவுடர் கட்சிதான். வெளுத்த முகம் அதற்குச் சௌகரியம். மை குறைவு, சீக்கிரம் காயும், ஊறாது, ஒழுகாது. ஊர் ஆசைப்படுவதும் மிஷின் ஆசைப்படுவதும் ஒன்றாக இருந்ததால்தான் இத்தனை வருஷமாக எங்கள் கடையில் மை ஊறியதே இல்லையோ என்னவோ. அதை நினைக்க எனக்கு ஒரு பக்கம் எரிச்சல். இன்னொரு பக்கம், ஒரு முகத்தின் நிறம் இவ்வளவு பெரிய மிஷினைத் திணற அடிக்கிறதே என்று பெருமையாகவும் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் அவள் தாயாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வெளியே ஒரே மழை. தாயாருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மகளுடைய அதே முகம், அதே நிறம். வயது மட்டும்தான் கூட. ஊறிப்போன அச்சு, சாம்பல் அச்சு, கோடு விழுந்த அச்சு எல்லாம் சுவரில் வரிசையாகத் தொங்கின. அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், மூலையில் சுருட்டி வைத்திருந்த முதல் அச்சைக் கண்டுபிடித்து விரித்துவிட்டார்.

"இது எவ்ளோ லட்சணமா இருக்கு," என்றார். "இதையே வச்சிறலாமே."

"அம்மா, அது நான் இல்ல."

"நீதாண்டி. கொஞ்சம் வெளுத்த நீ." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. கடைன்னு போட்டா நடக்கணும்ல? நாலு பேரு உள்ள வரணும்ல? இவ என்னைய மாதிரியே பொறந்துட்டா. சின்னப் புள்ளையில மஞ்சளும் கடலமாவும் போட்டு எப்பிடித் தேச்சிருக்கேன் தெரியுமா? எரியுதுன்னு அழுவா. வுடமாட்டேன். போகலியே. இப்ப படத்துலயாச்சும் போகட்டுமே."

அவர் அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் சொல்கிற குரலில் சொன்னார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தம்பியிடம் தே தாரிக் வாங்கி வரச் சொல்லிக் காசு கொடுத்தேன், யாராவது எங்கேயாவது போனால் தேவலை என்று இருந்தது.

அம்மாவை உட்காரவைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த கடைசி வழியைச் செய்து பார்த்தேன். பகலிலும் இரவிலும் தெரியவேண்டிய பலகைகளுக்குத் துணியின் முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் அதே படத்தை இடம் வலம் மாற்றி ஒரு படம் என்று அடிப்பார்கள். விளக்கு எரிந்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். ஒரு பக்கத்தில் முழு மையையும் கொட்டுவதற்குப் பதில், இரண்டு பக்கத்துக்கும் பிரித்துக் கொடுத்தால் எந்தப் பக்கமும் ஊறாது அல்லவா? டீ வந்தது, குடித்தோம். முன்பக்கம் அடித்தோம், காற்றாடியில் காயவைத்தோம், துணியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் அடித்தோம். ஊறவில்லை. நான் மனசுக்குள் ஆடிக்கொண்டே பின்னறைக்குப் போய் விளக்கைப் போட்டேன்.

நாலு கண். இரண்டு மூக்குத்தி. சூட்டில் துணி கொஞ்சம் இழுத்திருக்கிறது. பின்பக்கப் படம் ஒரு விரல் அகலம் தள்ளிப் போய் விழுந்திருக்கிறது.

"ஐயோ சாமி," என்றார் அம்மா. "புள்ளைய என்ன பண்ணி வச்சிருக்கீங்க."

எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அவளோ சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். மூன்று நாளாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா," என்றாள், "பேஸ் போடறப்ப யாராச்சும் கண்ணு வரைவாங்களா?"

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். மேக்கப்பில் முதலில் போடுகிற நிறத்தைத்தான் பேஸ் என்பார்கள். கறுத்த முகத்துக்கு அதை ஒரே தடவையில் கனமாக அப்பினால் வேர்வையில் திரிந்து வழிந்துவிடும். அதனால் அவள் லேசாக ஒரு தடவை போட்டு, அது தோலில் உட்காரும் வரைக்கும் பொறுத்திருந்து, அதன்மேல் இன்னொரு தடவை லேசாகப் போடுவாள். அடியில் போவது வெறும் நிறம்தான். கண், புருவம், உதடு எல்லாம் மேலே, கடைசியில். "அடியில கண்ணு எதுக்குக்கா? நெறம் மட்டும் இருந்தா போதும். ஓரமெல்லாம் தேச்சு மங்கலாக்கிட்டா, கொஞ்சம் தள்ளிப்போனாலும் யாருக்குத் தெரியும்?"

நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு இரண்டு பேரும் கம்ப்யூட்டருக்கு ஓடினோம். நான் இந்த வயதில் ஓடுவேன் என்று எனக்கே தெரியாது.

அம்மா மழை விட்டதும் பஸ்ஸுக்குப் போய்விட்டார். போகும்போது, "எதுக்கும் கொஞ்சம் பாத்துப் போடுங்கம்மா," என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

பின்பக்கப் படத்திலிருந்து தம்பி கண்ணை எடுத்தார். புருவம், உதடு, நெற்றிச்சுட்டி, முடி எல்லாவற்றையும் எடுத்தார். மல்லிகை இருந்த இடத்தையும் மூக்குத்தி இருந்த இடத்தையும் வெள்ளையாக விட்டார். ஓரங்களை மங்கலாக்கினார். மிஞ்சியது ஒரு முகத்தின் நிறம் மட்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "கன்னத்துல இன்னும் கொஞ்சம் செவப்பு வேணும்ணே, நெத்தியில அவ்ளோ வேணாம்," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முன்பக்கத்தில் கண்ணும் நகையும் கூர்மையாக இருந்தன. அங்கே முகத்துக்கு மையைக் கொஞ்சம் குறைத்தே வைத்தோம், மல்லிகைக்கு எந்த ஆபத்தும் வரக்கூடாது என்று. கனத்தையெல்லாம் பின்பக்கம் சுமக்கட்டும் என்று விட்டோம்.

வியாழக்கிழமை காலையில் முன்பக்கம் காய்ந்தது. மத்தியானம் பின்பக்கம் அடித்து முடித்தோம். பின்பக்கத்தைப் பார்த்தால் யாரோ பழுப்பு நிறத்தைக் கையால் துடைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. முன்பக்கம் வெளிச்சமில்லாமல் பார்த்தால் முகம் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. இரண்டையும் பார்த்து எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவள் வந்தாள். பின்னறைக் கதவைச் சாத்தினோம். நான் சுவிட்சைத் தட்டவில்லை. தம்பிதான் தட்டினார்.

அதை எப்படிச் சொல்வது? வெளிச்சம் முதலில் அந்தத் துடைத்துவிட்ட நிறத்துக்குள் புகுந்து, பிறகு துணிக்குள் புகுந்து, பிறகு முன்பக்க மைக்குள் புகுந்து வெளியே வந்தது. வந்தபோது அது முகமாக இருந்தது. கறுத்த முகம். கறுப்புக்கு உள்ளே சிவப்பும் அதற்கும் உள்ளே மஞ்சளும் எங்கிருந்தோ கசிந்துகொண்டிருந்தன. உயிருள்ள ஒருத்தி வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது காதோரத்தில் ரத்தம் சிவப்பாகத் தெரியுமே, அந்தச் சூடு அதில் இருந்தது. மல்லிகை ஒவ்வொரு இதழும் வெள்ளை. மூக்குத்திக் கல் ஒரு பொட்டு வெள்ளை. வெளிச்சத்தைத் தடுப்பதுதான் மையின் வேலை என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அன்றைக்கு அது வெளிச்சத்தைக் கையில் வாங்கி ஏந்திக்கொண்டிருந்தது. கோயிலில் திரை விலகும்போது கையெடுத்துக் கும்பிடுவேனே, அப்படி என் கை தானாக நெஞ்சுக்கு வந்தது.

அவள் சட்டைக் கையைத் தள்ளிவிட்டு, முன்போலவே கையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். எங்கே கை முடிகிறது, எங்கே படம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. தம்பி மூக்கை உறிஞ்சினார்; மை வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னார்.

"வெளக்கு இல்லேன்னா கொஞ்சம் வெளுப்பாத்தான் தெரியும்மா," என்று நான் எச்சரித்தேன்.

"அப்ப வெளக்க அணைக்கவே மாட்டேன்கா. கரண்டு பில்லு வரட்டும்," என்றாள்.

ஆனால் முதல் விளக்கை அவள் காலையில் போடவில்லை. வெள்ளிக்கிழமை அந்தியில், வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் போடவேண்டும் என்று சொல்லிவிட்டாள். காலையில் பூஜை நடந்தது, தேங்காய் உடைத்தார்கள். நானும் தம்பியும் கடையைச் சாத்திவிட்டுச் சாயங்காலம்தான் போனோம். பலகை கதவுக்குப் பக்கத்தில் நின்றது. அம்மா புதுச் சேலையில் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருப்பீங்கம்மா," என்றார் மெதுவான குரலில். "அவகிட்டச் சொல்லாமலே கொஞ்சம் பவுடர் போட்டுட்டீங்க போல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பகல் வெளிச்சத்தில் முன்பக்கத்தின் லேசான மைதான் தெரிந்தது. முகம் ஒரு படி வெளுப்பாகத்தான் இருந்தது. காலையிலிருந்து அதைப் பார்த்து மனநிறைவோடு உட்கார்ந்திருக்கிறார். சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தேன். அதற்குள் அவர் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார்.

மலைக்குப் பின்னால் வெளிச்சம் மங்கியது. அவள் உள்ளே குத்துவிளக்கை ஏற்றிவிட்டு வெளியே வந்தாள். பலகையின் பின்னால் கையை விட்டுச் சுவிட்சைத் தட்டினாள்.

வெளுப்பு போய்விட்டது. நடைபாதையில் அந்த முகம் தன் நிறத்தோடு எழுந்து நின்றது. போய்க்கொண்டிருந்தவர்களில் இரண்டு மூன்று பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். நான் முகத்தைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ திட்டப்போகிறார், நல்ல நாளில் பிள்ளையை அழவைக்கப்போகிறார் என்று எனக்குப் பயம். மகளும் அதற்குத் தயாராக நின்ற மாதிரிதான் இருந்தது.

அம்மா கிட்டே போனார். அந்த முகத்தின் நேருக்கு நேர் நின்றார். கைவளையலை மேலே தள்ளிவிட்டார். பிறகு தன் முன்கையைத் தூக்கி, எரிகிற அந்தக் கன்னத்தின் பக்கத்தில் வைத்தார். அவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மகள் எங்கள் பின்னறையில் அப்படிச் செய்தது அவருக்குத் தெரியாது. கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடியும் கையைப் பார்த்தார்.

"எங் கலருதான்," என்றார்.

மகள், "ஆமாம்மா," என்றாள்.

அம்மா எங்கள் யாரையும் பார்க்காமல், அந்தக் கன்னத்திடமே சொல்வது போல, "இதையா நான் அப்பிடித் தேச்சேன்," என்றார். கையை எடுக்கவில்லை.